கொச்சிக்குக் கிளம்புகிற சிங்கப்பூர்க்காரர்களுக்கு: கிழமை பார்த்து டிக்கெட் போடுங்கள்

முதலில் கிழமை, மற்றதெல்லாம் அப்புறம். பொது விடுமுறை வெள்ளிக்கிழமையில் விழுந்தால் நம் ஆட்களுக்குக் கை அரிக்கும். வியாழன் இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்பினால் திங்கள் காலை வேலைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போடுவோம். பினாங்குக்கும் பாங்காக்குக்கும் அந்தக் கணக்கு சரி. கொச்சிக்குச் சரிப்பட்டு வராது. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதை ஒட்டியே இருக்கும் யூதர் தொழுகைக்கூடம் சனிக்கிழமை முழுக்க மூடல், வெள்ளி மதியத்துக்கு மேல் போனாலும் கதவைத்தான் பார்க்கவேண்டும். ஞாயிறு காலை தேவாலயங்களில் வழிபாடு நடக்கும், அந்த நேரத்தில் வேடிக்கை பார்க்கப் போவது மரியாதை இல்லை. மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் பஜார் ரோடு ஞாயிறன்று ஷட்டர் இறக்கித் தூங்கும். ஆக, நீங்கள் ஆசையாகப் போகிற மூன்று நாளும் ஏதாவது ஒன்று மூடித்தான் இருக்கும்.

ஆகவே திங்கள் முதல் வியாழனுக்குள் முழுசாக இரண்டு நாளாவது, ஊரின் பழைய பகுதிகளான ஃபோர்ட் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் என்று ஒதுக்கிவிட்டு மற்றதை அதைச் சுற்றி அடுக்குங்கள். பயண முகவர்கள் விற்கிற 'கேரளா ஐந்து நாள்' திட்டங்களில் கொச்சிக்கு அரை நாள்தான் கிடைக்கும். சீன வலை முன்னால் ஒரு படம், ஒரு மசாலா கடை, உடனே வண்டியில் ஏற்றி மூணாறு. அந்த மாதிரிப் போவதற்குப் போகாமலே இருக்கலாம்.

பருவம் பற்றி இரண்டு வார்த்தை. ஜூன் பள்ளி விடுமுறையில் போனால் தென்மேற்குப் பருவமழை அப்போதுதான் கரை ஏறியிருக்கும். நம் ஊர் மழை ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும், அது நாள் கணக்கில் பெய்யும். டிசம்பர் விடுமுறையில் வானிலை நன்றாக இருக்கும், ஆனால் கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை ஃபோர்ட் கொச்சியில் கார்னிவல். 31-ஆம் தேதி நள்ளிரவில் பாப்பாஞ்ஞி என்ற பிரம்மாண்டமான தாத்தா பொம்மையைக் கொளுத்துவார்கள், அதைப் பார்க்க மறுகரை நகரமான எர்ணாகுளம் மொத்தமும் அந்தச் சின்ன முனைக்கு வந்துவிடும், அறை வாடகையும் எகிறிவிடும். என்னைக் கேட்டால் சீனப் புத்தாண்டு விடுமுறைதான் சரியான நேரம். ஜனவரி கடைசி, பிப்ரவரி, மழை இல்லை, காலையில் கொஞ்சம் குளுமைகூட உண்டு. அந்த இரண்டு நாள் விடுமுறை வாரத்தின் நடுவில் விழுகிற வருடம் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

விசா. சிங்கப்பூர்க் கடப்பிதழ் என்றால் இ-விசா போதும், கொச்சி விமான நிலையத்தில் ஏற்றுக்கொள்வார்கள். முகவரி gov.in என்று முடிகிற இந்திய அரசுத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பவற்றில் பாதி, அரசுத் தளம் போலவே வேடம் போட்டு மேலே காசு கறக்கும் இடைத்தரகர்கள். ஒரு வாரம் முன்னதாகவே முடித்துவிடுங்கள். வெளிநாட்டுக் கடப்பிதழ்காரர்கள் வருகை அட்டையையும் இப்போது இணையத்திலேயே நிரப்பவேண்டும், அங்கே போய் இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள். இந்தியக் கடப்பிதழில் இங்கே வேலை பார்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, நேராக விமானம் ஏறலாம். சாங்கியிலிருந்து நேரடியாகப் போனால் நாலரை மணி நேரத்துக்குள். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ளுங்கள். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கொசு மருந்தையும் மறக்க வேண்டாம், கொச்சிக் கொசு சாதாரணமானது இல்லை.

இறங்கியதும்

விமான நிலையம் நெடும்பாசேரியில் இருக்கிறது, முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓடுகிற உலகின் முதல் விமான நிலையம் என்று 2015-இல் பேர் வாங்கியது. அங்கிருந்து ஃபோர்ட் கொச்சி நாற்பது கிலோமீட்டருக்கு மேல். நேரக் கணக்கை நம் விரைவுச்சாலைகளை வைத்துப் போடாதீர்கள். நெரிசலில் மாட்டினால் இரண்டு மணி நேரம். பெட்டி படுக்கையோடு, குழந்தைகளோடு இருந்தால் முன்பணம் கட்டுகிற டாக்சி எடுத்து நேரே தங்குமிடம் போய்விடுங்கள். கிராப் அங்கே கிடையாது; ஊபரும் ஓலாவும் உண்டு.

எங்கே தங்குவது என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. எர்ணாகுளத்தில் நட்சத்திர ஓட்டல்கள் இருக்கின்றன, மால் இருக்கிறது, அதெல்லாம் நமக்குப் புதுசா என்ன? ஃபோர்ட் கொச்சியில் பர்கர் தெரு, பிரின்சஸ் தெரு, ரோஸ் தெரு பக்கம் பழைய வீடுகளில் குடும்பங்களே நடத்துகிற ஹோம்ஸ்டேக்கள் நிறைய உண்டு. காலை ஆறரைக்கு, பேருந்துக் கூட்டம் வருவதற்கு முன்னால், அந்தத் தெருக்களில் நடக்கவேண்டும் என்றால் அங்கேதான் தூங்கவேண்டும். மைதானத்தைச் சுற்றி நிற்கிற ராட்சத தூங்குமூஞ்சி மரங்களைப் பார்த்தால் உங்களுக்கு ஊரை விட்டு வந்த நினைப்பே வராது. நம் சாலையோரம் நிற்கிற அதே மரம், இரண்டு ஊருக்குமே தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த விருந்தாளி.

படகுதான் வண்டி

கொச்சியைப் புரிந்துகொள்ள ஒரே வழி தண்ணீர் வழியாகப் போவதுதான். 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ தொடங்கினார்கள். பேட்டரியில் ஓடுகிற குளிர்சாதனப் படகுகள், கொச்சிக் கப்பல் கட்டும் தளத்திலேயே செய்தவை. எர்ணாகுளத்தில் உயர் நீதிமன்றப் படகுத் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் போகிறது. மிதக்கும் மேடை படகு மட்டத்துக்கே இருப்பதால் தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ தடையில்லாமல் உருண்டு உள்ளே போய்விடும். வயதான அம்மா அப்பாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால் இதுதான் வசதி. ஆனால் மாலையிலும் விடுமுறை நாட்களிலும் வரிசை நீளும்.

தனியாகவோ நண்பர்களோடோ போனால் எர்ணாகுளம் ஜெட்டியிலிருந்து அரசுப் பழைய படகில் ஏறுங்கள். பத்து ரூபாய்க்குள் டிக்கெட், கண்ணாடி இல்லாத ஜன்னல், முகத்தில் உப்புக்காற்று, பக்கத்து இருக்கையில் மீன் கூடையோடு ஒரு அக்கா. வழியில் வில்லிங்டன் தீவு வரும். கொச்சியின் முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டிருந்த மணல் திட்டை வெட்டித் திறந்து, 1920-களில் ராபர்ட் பிரிஸ்டோ என்ற துறைமுகப் பொறியாளர் ஆழப்படுத்தித் தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவு அது. மரினா பேயில் ஓட்டப்பயிற்சி செய்கிற நமக்குக் கடலைத் தூர்த்துக் கரையாக்குவது புதுக்கதை இல்லை, ஆனாலும் அந்தக் காலத்து நீராவி இயந்திரங்களை வைத்து இதைச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தால் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கிறது. முகத்துவாரத்தில் கண்ணை வைத்திருங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் டால்பின் முதுகு தெரியும்.

முதல் நாள்: ஃபோர்ட் கொச்சி

காலை வெயில் ஏறுவதற்குள் சீன வலைகளிடம் போய்விடுங்கள். தேக்கும் மூங்கிலும் கட்டி நிறுத்திய பெரிய சட்டம், அதன் நுனியில் தொங்குகிற வலை, மறு பக்கம் எதிர்ப்பாரத்துக்குக் கயிறு கயிறாகக் கட்டிய கருங்கற்கள். நாலைந்து பேர் சேர்ந்து இயக்குவார்கள். ஒருவர் நடு மரத்தின் மேல் நடந்து போனால் அந்த எடைக்கே வலை தண்ணீருக்குள் இறங்கும். சில நிமிடம் கழித்து எல்லோரும் கயிற்றைப் பிடித்து இழுக்க, கற்கள் ஒவ்வொன்றாகப் பலகையில் வந்து 'டொக் டொக்' என்று உட்காரும், வலை மேலே வரும். உள்ளே துள்ளுவது பெரும்பாலும் ஒரு கைப்பிடி மீன்தான். "வா சேட்டா, இழு" என்று உங்களையும் கூப்பிடுவார்கள். இழுங்கள், நன்றாக இருக்கும், முடிந்ததும் காசு கேட்பார்கள், கொடுங்கள். மீன் வருமானம் சுருங்கிப்போன தொழிலுக்கு அதுவும் ஒரு கூலிதான். இந்த வலையைக் கொண்டுவந்தது சீனக் கடலோடி செங் ஹோவின் கப்பல் ஆட்கள் என்று ஒரு சாரார், மக்காவிலிருந்து போர்த்துகீசியர் என்று இன்னொரு சாரார். வழிகாட்டி எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு நகருங்கள்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1503-இல் மரத்தில் எழுப்பிய இடம். வாஸ்கோ ட காமா 1524 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கொச்சியில் செத்தபோது இங்கேதான் புதைத்தார்கள், 1539-இல் எலும்பைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். இப்போது தரையில் கம்பி அடைத்த கல் மட்டும் இருக்கிறது, எல்லோரும் அதைப் படமெடுத்துக்கொண்டு வெளியே போகிறார்கள். நீங்கள் சுவர்களைப் பாருங்கள். ஒரு பக்கச் சுவரில் போர்த்துகீசியரின் கல்லறைக் கற்கள், எதிர்ப் பக்கம் டச்சுக்காரர்களுடையவை. 1663-இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் கோயிலைத் தங்கள் புராட்டஸ்டன்ட் கோயிலாக மாற்றிக்கொண்டார்கள், பின்னால் வந்த ஆங்கிலேயர்கள் அதை ஆங்கிலிக்கன் ஆக்கினார்கள். உத்தரத்திலிருந்து தொங்குகிற நீளத் துணி விசிறிகளை வெளியே நின்று கயிறு இழுத்து ஆட்டுவதற்கு ஆள் வைத்திருந்தார்கள். அந்தக் கயிறு போகிற ஓட்டையைச் சுவரில் தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் பத்து நிமிடம் சத்தம் போடாமல் இருப்பார்கள்.

ஆங்கிலேயர் பற்றி ஒரு விஷயம், நமக்குச் சம்பந்தம் உள்ளது. 1795-இல் அவர்கள் கொச்சியைக் கைப்பற்றினாலும் சட்டப்படி அவர்களுக்கு வந்தது 1814 லண்டன் ஒப்பந்தத்தில்தான், அதுவும் பண்டமாற்றாக. கொச்சியை எடுத்துக்கொண்டு பதிலுக்கு டச்சுக்காரருக்குக் கொடுத்தது சுமத்ரா கரையோரம் வெள்ளீயத்துக்குப் பேர்போன பங்கா தீவை. நமக்குத் தெற்கே, பாத்தாமும் தாண்டி இருக்கிற அதே பங்காதான். அடுத்த ஐந்தாவது வருடம் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் வந்து இறங்குகிறார்.

சாண்டா குரூஸ் பேராலயம் உள்ளே அழகு, அரை மணி நேரம் போதும். டச்சுக் கல்லறைத் தோட்டம் பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும், மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

அதில் மிச்சம் பிடித்த நேரத்தை 'வெளி' என்ற பகுதியில் உள்ள தோபிகானாவில், அதாவது சலவைக்கூடத்தில், செலவிடுங்கள். பயணத் திட்டங்களில் இது கடைசி வரியில் வரும், பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். தமிழர்கள் விடக்கூடாது. டச்சுக்காரர்கள் தங்கள் படையாட்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கூட்டிவந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வெளுக்கிறார்கள், இன்றும் தமிழ் பேசுகிறார்கள். வரிசையாகத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கல். பின்னால் திறந்த வெளியில் இரட்டை முறுக்குக் கயிறு கட்டியிருப்பார்கள். கிளிப் எதுவும் கிடையாது, வேட்டியின் ஓரத்தை முறுக்குக்குள் செருகிவிட்டால் எவ்வளவு காற்று அடித்தாலும் பறக்காது. உள்ளே இஸ்திரிப் பெட்டியில் கொட்டாங்கச்சிக் கரி கனல்கிறது. "எந்த ஊர்ப்பா?" என்று கேட்பார்கள், சிங்கப்பூர் என்றால் அடுத்த கேள்வி அங்கே வேலை கிடைக்குமா என்பதாகத்தான் இருக்கும். அது அவர்கள் வேலை செய்யும் இடம் என்பதை நினைவில் வைத்து, கேட்டுவிட்டுப் படமெடுங்கள், உண்டியல் இருந்தால் ஏதாவது போடுங்கள்.

பேச்சு விஷயம் வந்ததால்: மலையாளம் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம், தமிழை நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள். ஆட்டோக்காரர், டீக்கடைக்காரர், படகுத் துறையில் டிக்கெட் கிழிப்பவர், எல்லோருக்கும் புரியும். அவர்கள் பதிலில் பாதி நமக்குப் புரியும். நம் சிங்கப்பூர் ஆங்கிலத்தில் 'லா' போட்டு ஆரம்பித்தால்தான் விலை ஏறும்.

மாலையில் கதகளி பார்ப்பதாக இருந்தால் ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். முகத்துக்குப் பச்சை பூசி, அரிசிமாவுப் பசையால் தாடையில் வெள்ளை விளிம்பு கட்டுவதை எதிரிலேயே உட்கார்ந்து பார்க்கலாம். ஆட்டத்தைவிட அதுதான் எனக்குப் பிடித்தது என்று சொன்னால் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

இரண்டாம் நாள்: மட்டாஞ்சேரி

ஃபோர்ட் கொச்சியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு ஆட்டோ ஏறாதீர்கள், பஜார் ரோடு வழியாக நடங்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் காயல், இன்னொரு பக்கம் ஓட்டுக்கூரைக் கிடங்குகள். திறந்த கதவுகளுக்குள் எட்டிப் பார்த்தால் முற்றம் முழுக்கச் சுக்குப் பரப்பி வைத்திருப்பார்கள், சுண்ணாம்பு பூசியதால் வெள்ளை வெளேர் என்று. மூக்கில் காரம் ஏறித் தும்மல் வரும்.

இந்த ஊர் உண்டானதே மிளகுக்காகத்தான். வடக்கே சங்கப் பாட்டுகளில் வருகிற முசிறி துறைமுகம் இருந்தது. 1341 பெரியாற்று வெள்ளத்தில் அந்தப் பக்கம் தூர்ந்து, கொச்சியில் வாய் திறந்தது என்று சொல்கிறார்கள். அப்புறம் வியாபாரம் இருக்கிற இடத்துக்கு ஆட்கள் வராமல் இருப்பார்களா? மட்டாஞ்சேரியில் குஜராத்திகளின் தெரு, கொங்கணிகளின் கோயில், கச்சி மேமன்களின் பள்ளிவாசல், சமணர் கோயில், தமிழ் பிராமணர்கள் என்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. தெலுக் ஆயர் தெருவில் சீனக் கோயிலும் நாகூர் தர்காவும் பக்கம் பக்கமாக நிற்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் வாசனை உடனே பிடிபடும். சமணர் கோயிலில் நண்பகலை ஒட்டிப் புறாக்களுக்குத் தீனி போடுவார்கள், அந்த நேரத்துக்குப் போனால் நல்லது.

அரண்மனையை டச்சு அரண்மனை என்பார்கள், கட்டியது போர்த்துகீசியர். 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தார்கள், டச்சுக்காரர்கள் பழுது பார்த்தார்கள். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் இல்லை, வெள்ளையடித்த பழைய கட்டடம். ராஜாவின் படுக்கையறைக்குள் நுழைந்தால்தான் தெரியும்: தசரதன் வேள்வி செய்வதில் தொடங்கி ராமாயணம் சுவர் முழுக்க, இடைவெளியே விடாமல், காவியும் பச்சையும் மஞ்சளுமாக. உள்ளே படமெடுக்க விடமாட்டார்கள், அதுவும் நல்லதுதான்.

பின்பக்கம் சுற்றி வந்தால் யூதத் தெரு, அதன் முடிவில் பரதேசி தொழுகைக்கூடம், 1568-இல் கட்டியது. ராஜா தன் அரண்மனைக் கோயிலை ஒட்டியே நிலம் கொடுத்திருக்கிறார். கோயிலுக்கும் தொழுகைக்கூடத்துக்கும் சுவர் ஒன்றுதான். தரையில் சீனாவிலிருந்து வந்த வெள்ளை நீல ஓடுகள், ஒவ்வொன்றும் கையால் தீட்டியது. அவசரப்பட்டு நிமிர்ந்து சரவிளக்கைப் பார்க்காமல் குனிந்து இரண்டு ஓடுகளை ஒப்பிட்டுப் பாருங்கள், மரம் ஒன்றாக இருந்தாலும் கிளை வேறாக இருக்கும். செருப்பைக் கழற்றவேண்டும். அரைக்கால் சட்டையோடும் கையில்லாத மேலாடையோடும் உள்ளே விடமாட்டார்கள், இது நம் ஆட்களுக்குத்தான் முக்கியம், ஏனென்றால் அரைக்கால் சட்டையும் சிலிப்பரும்தான் நமக்குத் தேசிய உடை. இஸ்ரேல் உருவான பிறகு இங்கிருந்த யூதர்கள் பெரும்பாலும் குடிபெயர்ந்துவிட்டார்கள். தெருவில் இப்போது கடை வைத்திருப்பவர்களில் காஷ்மீரிகள் நிறைய.

ஆட்டோ பற்றி எச்சரிக்கை. "ஒரு மணி நேரம், ஐம்பது ரூபாய், எல்லா இடமும் காட்டுகிறேன்" என்று யாராவது சொன்னால் அது ஊர்சுற்றல் கிடையாது, கடைசுற்றல். கடைக்குள் உங்களைப் பத்து நிமிடம் உட்கார வைத்தால் அவருக்குக் கமிஷன். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஏறாமல் இருந்தால் போதும்.

மசாலா வாங்குவதானால் யூதத் தெருவில் அழகான டப்பாக்களில் அடுக்கி வைத்திருப்பதை விட்டுவிட்டு, பஜார் ரோட்டில் உள்ளூர்க்காரர்கள் கிலோக் கணக்கில் வாங்கும் கடைக்குப் போங்கள். மிளகு பெரியதாக, ஒரே பருமனாக இருக்கவேண்டும். அறைக்கு வந்து ஒரு தம்ளர் தண்ணீரில் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். நல்ல மிளகு அடியில் போகும், கலப்படமாகச் சேர்த்த பப்பாளி விதை மிதக்கும். தேக்காவிலேயே கிடைக்குமே என்று கேட்பீர்கள். கிடைக்கும். ஏலக்காய் மட்டும் இங்கே வாங்குங்கள், பச்சை மாறாமல் இருக்கும்.

சாப்பாடு: மட்டாஞ்சேரியில் காயிக்கா பிரியாணி எங்கே என்றால் யாரும் கைகாட்டுவார்கள், பெயர்ப்பலகையில் ரஹ்மத்துல்லா என்று இருக்கும், பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள். குஜராத்தித் தெருவில் இனிப்பு. டீக்கடையில் பழம்பொரி, கட்டன் சாயா. நம் ஊர் கோரிங் பிசாங் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றால் இதுவும் பிடிக்கும். கடற்கரையில் மீனை வாங்கிப் பக்கத்திலேயே சமைத்துத் தருகிற கடைகளில், எடைக்கு எவ்வளவு, சமைக்க எவ்வளவு என்று இரண்டு விலையையும் முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நாள் கையில் இருந்தால் கொடுங்கல்லூருக்குப் போங்கள், வடக்கே நாற்பது கிலோமீட்டருக்குள். சேரமான் பள்ளிவாசல் அங்கே. கண்ணகிக்குச் செங்குட்டுவன் எடுத்த கோயில் என்று பலர் நம்புகிற பகவதி கோயிலும் அங்கேதான். திருப்பூணித்துறை ஹில் பேலஸும் நல்ல தேர்வு, மெட்ரோவிலேயே கடைசி நிறுத்தம் வரை போகலாம், ஆனால் அதற்குத் திங்கள் விடுமுறை. பியனாலே கலைவிழா நடக்கிற குளிர்காலம் என்றால் இது இரண்டையும் விட்டுவிட்டு அதற்கே ஒரு முழு நாள் கொடுங்கள்.

திரும்பும் நாளில் ஃபோர்ட் கொச்சியிலிருந்து விமானம் புறப்படும் நேரத்துக்கு ஐந்து மணி நேரம் முன்பே கிளம்புங்கள். முதல் நாள் இரவே தங்குமிடத்து வீட்டம்மாவிடம் சொல்லி டாக்சி பேசிவிடுங்கள், விடியற்காலையில் அந்த முனையில் செயலியைத் தட்டிக்கொண்டு நின்றால் வண்டி வருவது சந்தேகம்தான்.